லெஃப்ட் கார்னருக்கு ஒரு ஆள்

ஜனவரி 4

ஏலக்காய் ஸ்டோர் முதலாளி காய் பொறுக்குகிற எல்லாருக்கும் டைரி கொடுத்தார். வருசா வருசம் வாங்கியதும் மகள் ஜோதியிடம் கொடுத்துவிடுவேன். இந்த வருசம் கொடுக்க ஆள் இல்லை. வீணாகப் போவானேன் என்று நானே எழுதுகிறேன். ஏழாவதுவரைதான் படித்தேன். தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் திருத்தப்போகிறார்கள்.

முதல் பக்கத்தில் பேர் எழுத இடம் விட்டிருக்கிறது. சுருளியம்மாள் என்று எழுதினேன். அதுக்குக் கீழே, அவசரத்துக்கு யாரைக் கூப்பிடவேண்டும் என்று போட்டிருக்கிறது. அதை எழுதவில்லை.

ஜனவரி 6

கபடிப் பிள்ளைகளின் பனியன்கள் துவைக்க வந்தன. முல்லை மகளிர் கபடிக் குழு என்று முதுகில் எழுதியிருக்கும். ஜோதி அந்த டீமில் சேர்ந்த நாளிலிருந்து நான்தான் துவைக்கிறேன். யாரும் கேட்கவில்லை. அவளுடையதைத் துவைக்கும்போது மற்றதையும் சேர்த்து ஊறவைத்தேன், அப்படியே பழகிப்போனது. இப்போது அவளுடையது மட்டும் வருவதில்லை. நாலாம் நம்பர். அது பெட்டியில் இருக்கிறது.

ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இதற்கு மேல் எழுத முடியவில்லை.

அவளைத் தூக்கிப்போன அன்றைக்குச் சாயங்காலம் பிள்ளைகள் எல்லாம் என் வாசலில் சூடம் ஏற்றினார்கள். கார்த்தீஸ்வரிதான் முதலில் உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "ஜோதிக்கு வருசம் திரும்புற வரைக்கும் அவ நின்ன எடத்துல வேற யாரும் நிக்க மாட்டாங்க பெரியம்மா. சத்தியம்." ஒவ்வொருத்தியாக அப்படியே செய்தார்கள். கோச் தெய்வேந்திரனும் செய்தான்.

ஜோதி நின்றது இடது பக்கம் கடைசியில். லெஃப்ட் கார்னர் என்பார்கள். அவளுக்கு அடுத்து கார்த்தி. இரண்டு பேரும் கையைக் கோத்துக்கொண்டுதான் நிற்பார்கள். எதிர் டீமிலிருந்து பாடி வருகிறவள் மூலைக்கு வந்தால் ஜோதி காலைப் பிடிப்பாள், கார்த்தி இடுப்பைப் பிடிப்பாள். கோத்த கை எப்போது பிரிந்தது என்றே தெரியாது.

ஜனவரி 19

ஜோதிக்கு அப்புறம் முதல் போட்டி. நானும் வேனில் போனேன். ஏழு பேர் ஆடவேண்டிய ஆட்டத்தில் ஆறு பேர் இறங்கினார்கள். வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு பேரில் ஒருத்தியை இறக்கியிருக்கலாம். சத்தியம் இருக்கிறதே. ஆறு பேரோடு ஆடலாமா என்று எதிர் டீம்காரர்கள் கேட்டார்கள். ஆடலாம், அது அவங்க கஷ்டம் என்று அம்பயர் சொல்லிவிட்டார்.

பாடி வந்த அத்தனை பேரும் அந்தக் காலி இடத்துக்கே வந்தார்கள். கோட்டைத் தொட்டார்கள், திரும்பிப் போனார்கள். தெருவில் கோலத்தை மிதித்துப் போகிற மாதிரி.

தோற்றார்கள். பிள்ளைகள் வேனில் அழுதார்கள். நான் அழவில்லை. அந்த இடம் எவ்வளவு பெரிய இடம் என்று எல்லாரும் பார்த்தார்கள். எனக்கு அது போதும்.

ஜனவரி 22

தெய்வேந்திரன் வீட்டுக்கு வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் டயர் கடை வைத்திருக்கிறான். கையைக் கழுவிவிட்டுத்தான் வந்தான், நகத்தில் கருப்பு போகவில்லை.

"அக்கா, ஏழு பேர் உள்ள, அஞ்சு பேர் வெளிய. அதுதான் டீமு. நம்மகிட்ட ஆறும் ரெண்டும் இருக்கு. ஒருத்தி கால் பெசகினா அம்புட்டுதான்."

"உங்க டீமு தம்பி. எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?"

"கரட்டுப்பட்டி டீமு கலைஞ்சுபோச்சுக்கா. அதுல ஒரு பிள்ள நல்ல கார்னர். பங்குனியில பெரிய போட்டி வருது. மாவட்ட டீமுக்கு அங்கதான் ஆள் எடுப்பாங்க. நம்ம கார்த்திக்கு இதவிட்டா வயசு போயிரும்."

"கூட்டிட்டு வாங்க. வெளிய உக்கார வைக்க ஆள் வேணும்னீங்களே."

அவன் என் முகத்தையே பார்த்தான். "சரிங்கக்கா" என்று எழுந்து போனான். டீ பாதி அப்படியே இருந்தது.

பிப்ரவரி 2

கரட்டுப்பட்டிப் பிள்ளை வந்துவிட்டது. பேர் மீனலோசனி. லோசனி என்று கூப்பிடுகிறார்கள். காலைப் பார்த்தால் முருங்கைக் குச்சி. இதை வைத்துக்கொண்டு யாரைப் பிடிக்கப்போகிறது.

கூடவே அதன் அம்மா அன்னத்தாய். என் வயசுதான் இருக்கும். வெற்றிலை போட்ட பல் தெரியச் சிரிக்கிறாள். மகளை முன்னால் உட்காரவைத்து இறுக்கமாக ஜடை போட்டு, ரிப்பனை இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, முதுகில் ஒரு தட்டுத் தட்டி உள்ளே அனுப்பினாள். ஜடை போட்டுக்கொள்கிற வயசா அதுக்கு?

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டாள். "நீங்க யாரோட அம்மா?"

"எல்லாத்துக்கும் துவைக்கிறவ" என்றேன்.

பிப்ரவரி 9

தெய்வேந்திரன் ஒரு யோசனை கொண்டுவந்தான். வாசுகி ரைட் கார்னரில் நிற்கிறவள். அவளை இடது பக்கம் மாற்றிவிட்டு, லோசனியை வலது பக்கம் போட்டால் ஏழு பேர் ஆகிவிடும். "வேற யாரும் நிக்க மாட்டாங்கன்னா வெளியாள் நிக்க மாட்டாங்கன்னுதானேக்கா அர்த்தம்? வாசுகி ஜோதிக்குக் கூட்டாளி. அவ வேத்தாளா?"

எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாசுகிதான் குனிந்துகொண்டாள்.

நிற்கட்டும் என்று சொன்னேன். பெரியம்மா பெரிய மனசு என்று ஒருத்தி சொன்னாள். வாசுகிக்கு அந்த இடம் வராது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 12

பனியன் துவைத்தேன். லோசனியுடையதைச் சரியாக அலச முடியவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. சோப்பு கொஞ்சம் நின்றிருக்கும்.

பிப்ரவரி 16

நம்ம ஊர் கிரவுண்டிலேயே ஒரு சிநேக ஆட்டம். பாவம் வாசுகி. வருசக்கணக்காக வலது பக்கம் நின்று பழகியவள். இடது பக்கம் வந்ததும் எந்தக் காலை முன்னே வைப்பது என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு தரம் கார்த்தி மேலேயே முட்டிக்கொண்டாள்.

"ஏன்டி, நான் அவங்க டீமாடி? என்னைய ஏன்டி பிடிக்கிற?" என்று கார்த்தி கத்தினாள்.

"நீதான்டி கையில மாட்டுற!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு மூலை ஓட்டையாக இருந்தது போய் இரண்டு மூலையும் ஓட்டையாகிவிட்டது என்று தெய்வேந்திரன் தலையில் கையை வைத்தான். லோசனி மட்டும் வலது பக்கம் நின்று ஒருத்தியைப் பிடித்தது. ஒன்றுதான். அதுவும் அந்தப் பிள்ளை வழுக்கி விழுந்ததால்.

ஆட்டம் முழுக்கக் கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தது. "புதுத் துணி ஒத்துக்கல போல" என்று அன்னத்தாய் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அதன் முதுகைத் துடைத்துவிட்டாள். சிவந்து தடித்திருந்தது.

அன்றைக்குக் குழாயில் தண்ணீர் நின்றது உண்மைதான். குடத்தில் இருந்தது.

பிப்ரவரி 17

அவளுக்கு முதுகைத் துடைக்கக் கிடைக்கிறது.

பிப்ரவரி 23

நான் யார் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அன்னத்தாய் தூக்குவாளியில் கருவாட்டுக் குழம்போடு வந்தாள். வாசலில் நின்றுகொண்டே பேசினாள்.

"மன்னிச்சுக்கங்கக்கா. தெரியாம அன்னைக்கு அப்படிக் கேட்டுப்புட்டேன்."

"கேட்டதுல என்ன தப்பு?"

"எனக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. எம்பிள்ளையவும் உங்க பிள்ளையா நெனச்சுக்கங்கக்கா."

எப்படி நினைக்கிறது? பொழுது சாய்ந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டு கரட்டுப்பட்டி பஸ் ஏறிப் போகிற பிள்ளை. எதைப் பார்த்து நினைக்கிறது? இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாளியைக் கழுவிக் கொடுத்து அனுப்பினேன்.

குழம்பு நன்றாக இருந்தது. அது வேறு.

மார்ச் 2

வாசுகி பழையபடி வலது பக்கத்துக்கே போய்விட்டாள். லோசனி வெளியே பெஞ்சில். டீம் மறுபடி ஆறு பேர்.

ஸ்டோரில் புதுக்காய் வந்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் பச்சை.

மார்ச் 8

போடியில் போட்டி. ஆறு பேர். தோல்வி.

இந்தத் தடவை நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை, கார்த்தியை மட்டும் பார்த்தேன். இடது கையை நீட்டிக்கொண்டேதான் நிற்கிறாள். பக்கத்தில் யாரும் இல்லை, கை மட்டும் நீண்டிருக்கிறது. பாடி வந்தவள் தொட்டுவிட்டுத் திரும்பிப் போன பிறகும் மடக்கவில்லை. எம்பிள்ளைக்காக நீட்டிய கை. எனக்குப் பெருமையாக இருந்தது.

வரும்போது லோசனி பெஞ்சிலிருந்து எழுந்து எல்லாருடைய தண்ணீர்ப் பாட்டிலையும் பொறுக்கி எடுத்துவந்தது. ஆடாமலேயே திரும்பியது. அன்னத்தாய் சிரிக்கவில்லை. வேனில் அவளுக்கு இடம் போட்டு என் பக்கத்தில் உட்காரவைத்தேன். இன்றைக்கு அவளைப் பிடித்திருந்தது.

மார்ச் 11

கார்த்தி வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பாள். இன்றைக்கு வாசல் பக்கமே உட்கார்ந்தாள்.

"பெரியம்மா, நான் வேற டீமுக்குப் போகட்டுமா?"

"எந்த டீமு?"

"பெரியகுளம் பக்கம் ஒரு கிளப்பு. பங்குனிப் போட்டிக்கு மட்டும் வந்து ஆடுன்னு கேக்குறாங்க. நான் அங்க போயி ஆடினா இங்க போட்ட சத்தியம் உடையாதுல்ல?"

"ஏன்டி, உனக்கு இங்க என்ன கொறை?"

தரையைச் சுரண்டினாள். "கை வலிக்குது பெரியம்மா. ஆறு பேரு ஆடுறோம். நான் ஒருத்தி ரெண்டு எடத்தப் பாத்துக்கிறேன். அந்தப் பக்கம் கை கோக்க யாரும் இல்லைன்னு தெரிஞ்சும் கைய நீட்டிடுறேன். நீட்டி நீட்டி ஒவ்வொரு தடவையும்..." தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டாள். "மாவட்ட டீமுல எடுத்தா எங்கப்பன் கல்யாணப் பேச்ச நிறுத்துவாரு. இல்லைன்னா சித்திரையில முடிச்சிருவாரு."

நான் கேட்டது வேறு. "அங்க லெஃப்ட் கார்னர் யாரு?"

"அம்பிகான்னு ஒரு அக்கா. நல்லாப் பிடிப்பாங்க. நம்ம ஜோதி மாதிரியே..."

வாயைப் பொத்திக்கொண்டாள். எழுந்து போய்ச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எடுக்காமல் போய்விட்டாள்.

மார்ச் 12

காய் பொறுக்கக் கை ஓடவில்லை. நல்ல காயையும் வெடித்த காயையும் ஒரே முறத்தில் போட்டு வைத்தேன், மேஸ்திரி திட்டினார்.

அம்பிகா. யார் இந்த அம்பிகா?

மார்ச் 14

தெய்வேந்திரன் கடைக்குப் போனேன். ஒரு லாரி டயரைக் கழற்றிப்போட்டு அதன் மேல் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"கார்த்தி போகக்கூடாது" என்றேன்.

"நான் எப்படிக்கா நிறுத்துறது? அவ வாழ்க்கை."

"அவ எம்பிள்ளை கையப் பிடிச்சு ஆடினவ. இன்னொருத்தி கையப் பிடிக்க வேற ஊருக்குப் போவாளா?"

அவன் வடையைக் காகிதத்தில் மடித்து வைத்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். "இங்கயே பிடிக்கட்டும்க்கா. லோசனி லெஃப்ட்ல நின்னா கார்த்தி போமாட்டா. வாசுகி ரைட்லயே இருப்பா. ஏழும் சரியாப்போச்சு. இப்ப வெளிய இருக்கிற ரெண்டோட ஸ்கூல்ல இருந்து இன்னும் ரெண்டு பேரச் சேத்தா, வெளிய நாலு. யாராச்சும் விழுந்தாலும் ஆட்டம் நிக்காது."

"அந்தக் கரட்டுப்பட்டிப் பிள்ளைதான் கெடச்சுச்சா? வேற ஆளே இல்லையா?"

"நாலு ஊர் தேடிட்டேன்க்கா. இருக்கிற கார்னர் எல்லாம் ஏதாச்சும் ஒரு டீமுல இருக்கு. சும்மா இருக்கிறது இது ஒண்ணுதான்."

யோசித்தேன். முகம் தெரியாத அம்பிகாவிடம் கார்த்தியைக் கொடுப்பதா, குச்சிக்காலியை இங்கே நிறுத்துவதா? இதுவாவது என் கண் முன்னால் நிற்கும். தப்பாக ஆடினால் நான் பார்க்கலாம்.

"நிக்கட்டும்" என்றேன். "நாலாம் நம்பர் பனியன் தரமாட்டேன்."

"கேக்கவே மாட்டோம்க்கா."

பெரிய மனசு என்று இவனும் சொல்லிவிடுவானோ என்று பயந்து கிளம்பிவிட்டேன்.

மார்ச் 15

சத்தியத்தைச் செய்தவர்கள் உடைத்தால் பாவம். யாருக்குச் செய்தார்களோ அவர்கள் திருப்பிக் கொடுத்தால் இல்லை. எங்கள் பக்கம் அப்படித்தான். அதனால் நானேதான் போகவேண்டியிருந்தது.

கிரவுண்டில் இடது மூலையில், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே சூடம் வைத்தேன். காற்று அடித்து இரண்டு தரம் அணைந்துபோனது. வாசுகியும் கார்த்தியும் காற்றுக்கு மறைப்பாகச் சுற்றி நின்றுகொண்டார்கள். "எனக்குக் குடுத்த சத்தியத்த நானே திருப்பிக் குடுத்துட்டேன். எந்தப் பிள்ளைக்கும் குத்தம் இல்ல" என்று சொல்லி உள்ளங்கையால் அடித்தேன். சுட்டது. கொப்புளம் வந்திருக்கிறது. பேனாவை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

கார்த்தி என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். லோசனி என்ன செய்வதென்று தெரியாமல் தள்ளி நின்றது. கோட்டுக்குள்ளே போகச் சொன்னேன். செருப்போடு நின்றிருந்தது. கழற்றிவிட்டுப் போனது.

மார்ச் 21

லோசனி கார்த்தியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஜோதி விரலோடு விரல் கோப்பாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லமாட்டேன்.

மார்ச் 27

ஒருத்தி பாடி வந்தபோது லோசனி காலைப் பிடித்தது, கார்த்தி மேலே விழுந்தாள், மூன்று பேரும் உருண்டு வெளியே போய் ஐஸ்காரன் சைக்கிளில் மோதினார்கள். எழுந்ததும் லோசனி கார்த்தி காதில் என்னவோ சொன்னது. கார்த்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஐப்பசிக்கு அப்புறம் அவள் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். எனக்கு வயிறு எரிந்தது. ஜோதி என்ன சொன்னாலும் இவள் இப்படித்தான் சிரிப்பாள்.

வீட்டுக்கு வந்து பனியன்களைத் துவைத்தேன். எல்லாவற்றையும் நன்றாக அலசினேன். லோசனியுடையதை மூன்று தண்ணியில் அலசினேன். ஏனென்று தெரியவில்லை.

ஏப்ரல் 6

ஜெயித்துவிட்டார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். கடைசி ஆட்டம் இல்லை, அதற்கு முந்தினது. கடைசி ஆட்டத்தில் தோற்றார்கள். ஆனாலும் மாவட்ட டீமுக்குக் கார்த்தியை எடுத்துவிட்டார்கள். மைக்கில் பேர் சொல்லும்போது அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜெயித்த ஆட்டம் அந்தப் பெரியகுளம் பக்கத்து கிளப்போடு. அம்பிகாவைப் பார்த்தேன். நல்ல உயரம். நன்றாகத்தான் பிடிக்கிறாள். ஜோதி மாதிரி எல்லாம் இல்லை.

ஆட்டம் முடியப்போகிற நேரம் இரண்டு டீமும் சமம். அவர்கள் பக்கமிருந்து ஒரு முரட்டுப் பிள்ளை பாடி வந்தது. எல்லாரும் போகிற மாதிரி நம்ம இடது மூலைக்கே வந்தது. லோசனி அசையவில்லை. அந்தப் பிள்ளை கோட்டுக்கு இன்னொரு எட்டு வைத்ததும் இது குனிந்தது. கணுக்காலைப் பிடித்த பிடியில் அந்த முரட்டுப் பிள்ளை இழுத்தது, உதைத்தது, பனியனைப் பிடித்துக் கிழித்தது, இது விடவில்லை. கார்த்தி வந்து விழுந்தாள். விசில்.

"லோசனி!" என்று ஒரு சத்தம் கேட்டது. தொண்டை எனக்கு எரிந்ததால் கத்தியது நான்தான் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்த அன்னத்தாய் அப்போதுதான் வாயைத் திறக்கப்போனாள்.

கோச் டைம் கேட்டான். பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே வந்தார்கள். அன்னத்தாய் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டிக்கொண்டு முன்னே போனாள். லோசனி அவளைத் தாண்டி நேரே என்னிடம் ஓடிவந்தது. தோளிலிருந்து பனியன் கிழிந்து தொங்கியது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா, ஊக்கு இருக்கா? சீக்கிரம்!"

என் சேலையில் குத்தியிருந்ததைக் கழற்றினேன். அது எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. மூச்சு வாங்கியது. முதுகு முழுக்க மண்ணும் வேர்வையும். கையால் தட்டிவிட்டேன், போகவில்லை, முந்தானையால் துடைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தால் அன்னத்தாய் திறந்த பாட்டிலோடு அங்கேயே நிற்கிறாள். தண்ணீர் அவள் கால்மேல் சிந்திக்கொண்டிருந்தது, அவளுக்குத் தெரியவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இல்லை. அந்தப் பார்வை எப்படி இருக்கும், உள்ளே எங்கே குத்தும் என்று இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும்?

விசில் ஊதிவிட்டார்கள். கார்த்தி கோட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள். "பெரியம்மா, விடுங்க, போதும்!" லோசனியும் குதித்துக்கொண்டிருந்தது.

நான் ஊக்கை மெதுவாகத்தான் குத்தினேன்.